சாவி கிடைத்தது, நாற்காலி கிடைக்கவில்லை: பிலடெல்பியா புனித தோமா ஆலயமும் அதன் குருமாரும்

1794-ஆம் ஆண்டு, பிலடெல்பியா நகரில் புதிதாக ஆலயம் கட்டி முடித்திருந்த ஒரு சபையார், தங்களைச் சேர்த்துக்கொள்ளும்படி எபிஸ்கோபல் திருச்சபைக்கு எழுதினார்கள். மூன்று காரியங்கள் கேட்டார்கள். நாங்கள் ஏற்கெனவே சபையாகக் கூடியிருக்கிறோம். கலைக்காமல் அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டும். எங்கள் சபைக் காரியங்களை நாங்களே நடத்துவோம். அந்த உரிமை என்றைக்கும் எங்களிடமே இருக்க வேண்டும். எங்களில் ஒருவரான அப்சலோம் ஜோன்ஸ் ஆராதனை நடத்த அனுமதி வேண்டும்; தகுதி உண்டென்று கண்டால் அவருக்குக் குருப்பட்டமும் கொடுக்க வேண்டும்.

கேட்டவர்கள் கறுப்பின மக்கள். அந்த நாட்டின் அரசியல் சட்டம், பிரதிநிதிகளின் எண்ணிக்கைக்காக அடிமையை ஐந்தில் மூன்று ஆளாகக் கணக்கிட்ட காலம் அது. சபையில் பலர் தாங்களே அடிமைகளாக இருந்து வெளியே வந்தவர்கள். ஜோன்ஸும் ஏறக்குறைய 38 வயதுவரை அடிமைதான். அப்படிப்பட்டவர்கள் ஒரு பேராயரிடம் போய், "சேர்த்துக்கொள்ளுங்கள், ஆனால் இந்த மூன்றுக்கும் சம்மதித்தால்தான்" என்று பேசியிருக்கிறார்கள். மூன்றும் கிடைத்தன. கூடவே ஒரு விலையும் கேட்கப்பட்டது. அந்த விலையை இந்தச் சபை எழுபது வருஷம் போலக் கொடுத்தது.

முதலில் சில சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வோம். எபிஸ்கோபல் என்பது பேராயர்களின் கீழ் இயங்கும் திருச்சபை என்று பொருள்படும் சொல். அதன் கிரேக்க மூலத்தை நம் பழைய வேதாகம மொழிபெயர்ப்பு 'கண்காணி' என்கிறது. இங்கிலாந்துத் திருச்சபையின் கிளையாக அமெரிக்காவில் இருந்த சபைகள், நாடு விடுதலை பெற்றதும், இங்கிலாந்து அரசரைத் தலைவராக வைத்துக்கொள்ள முடியாமல் தனியாகப் பிரிந்து இந்தப் பெயரை வைத்துக்கொண்டன. நம் சி.எஸ்.ஐ.யும் இன்று அதே ஆங்கிலிக்கன் குடும்பத்தில் இருப்பதால், பல சொற்களை நாம் அப்படியே எடுத்துப் பொருத்தலாம். பாரிஷ் என்று அவர்கள் சொல்வதைத் திருநெல்வேலிக்காரர்கள் சேகரம் என்பார்கள். டயோசிஸ் நமக்குத் திருமண்டலம்.

ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. நம் திருமண்டலங்களில் குருவானவருக்கு மாற்றல் உத்தரவு வரும். அவர் பெட்டி கட்டுவார், அடுத்தவர் வருவார். எபிஸ்கோபல் சேகரத்தில் அப்படி இல்லை. வெஸ்ட்ரி என்ற சேகரக் கமிட்டிதான் தனக்கு வேண்டிய குருவானவரைத் தேடி அழைக்கிறது. கோவில் சொத்தும் அதன் பொறுப்பு. பேராயரின் சம்மதம் தேவைதான், ஆனாலும் முதல் சொல் சேகரத்தாருடையது. தோமா ஆலயத்தின் கதை முழுக்க இந்த வித்தியாசத்தைச் சுற்றித்தான் போகிறது.

ஜோன்ஸ் 1746 நவம்பர் 6 அன்று டெலவேரில் பிறந்தார். சின்னப் பையனாக எஜமானர் வீட்டில் வேலை செய்தபோது, கையில் விழுந்த சில்லறையைச் சேர்த்து வைத்து ஓர் அரிச்சுவடி வாங்கினார். தெரிந்தவர்களிடமெல்லாம் சொல்லித்தரும்படி கெஞ்சினார். அப்புறம் எழுத்துக்கூட்டும் புத்தகம், அதற்குப் பிறகு புதிய ஏற்பாடு. 1762-இல் அவருடைய தாயும் ஐந்து சகோதரர்களும் ஒரு சகோதரியும் விற்கப்பட்டார்கள். இவரை மட்டும் எஜமானர் பிலடெல்பியாவுக்குக் கூட்டிப்போய்க் கடை வேலையில் வைத்தார். பகலில் சரக்கு கட்டுவது, கொண்டுபோய்க் கொடுப்பது. கடைக் குமாஸ்தா ஒருவர் எழுதக் கற்றுக்கொடுத்தார். 1766-இல் கறுப்பின மக்களுக்காக க்வேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் நடத்திய இரவுப் பள்ளிக்குப் போனார்.

1770-இல் அவருக்கு மேரி என்ற பெண்ணோடு திருமணம் நடந்தது. நடத்திவைத்தவர் நகரத்தின் பெரிய ஆங்கிலிக்கன் ஆலயமான கிறைஸ்ட் சர்ச்சைச் சேர்ந்த குருவானவர் ஜேக்கப் டூஷே. மேரியும் அடிமை, வேறொரு வீட்டில். இனி ஜோன்ஸ் செய்ததைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். தன் விடுதலைக்குப் பணம் சேர்க்காமல், முதலில் மனைவியை மீட்கச் சேர்த்தார். காரணம் சட்டத்தில் இருந்தது: பிள்ளை அடிமையா சுதந்திரமானவரா என்பது தாயின் நிலையைப் பொறுத்தது. மேரி விடுதலையானால் இனிப் பிறக்கும் பிள்ளைகள் சுதந்திரமாகப் பிறப்பார்கள். தான் விடுதலையாகி மேரி அடிமையாகவே இருந்தால் பிள்ளைகளும் அடிமைகள். மாமனாரையும் கூட்டிக்கொண்டு க்வேக்கர் பெரியவர்களிடம் போய்க் கடனும் நன்கொடையும் வாங்கி அவளை மீட்டார். அந்தக் கடனை அடைக்க, எஜமானரின் வேலை முடிந்த பிறகு இரவு பன்னிரண்டு, ஒரு மணிவரை உழைத்தார். பிறகு தன் விடுதலையைக் கேட்கத் தொடங்கினார். எஜமானர் பல வருஷம் மறுத்தார். 1784 அக்டோபர் 1 அன்றுதான் விடுதலைப் பத்திரம் கையில் வந்தது.

அந்தச் சமயம் கறுப்பின மக்கள் பலர் புனித ஜார்ஜ் மெதடிஸ்ட் ஆலயத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். எளிய பேச்சு, உருக்கமான ஜெபம், படிக்காதவனுக்கும் புரியும் பிரசங்கம் என்று மெதடிஸ்ட் ஆராதனை அவர்களை இழுத்தது. ஜோன்ஸும், அவரைவிட வயதில் இளையவரான ரிச்சர்ட் ஆலனும் அங்கே தங்கள் மக்கள் நடுவே ஊழியம் செய்தார்கள். கூட்டம் பெருகப் பெருக, கறுப்பின மக்களை முதலில் சுவரோரம் தள்ளினார்கள், பிறகு மாடிக்கு அனுப்பினார்கள். ஒரு ஞாயிறு ஜெப வேளையில் முழங்கால் போட்டிருந்த ஜோன்ஸை ஒரு பொறுப்பாளர் பிடித்து இழுத்தார். இங்கே முழங்கால் போடக்கூடாது, எழுந்திரு என்றார். ஜெபம் முடியட்டும், அப்புறம் உங்களுக்குத் தொந்தரவு தர மாட்டேன் என்று ஜோன்ஸ் சொல்லியும் விடவில்லை. ஜெபம் முடிந்ததும் எல்லோருமாகச் சேர்ந்து வெளியே போனார்கள். ஆலன் தன் நினைவுக் குறிப்பில் எழுதிவைத்ததால் இது நமக்குத் தெரிகிறது. ஆண்டு 1787 என்று வழிவழியாகச் சொல்லப்படுகிறது. மாடி கட்டிய கணக்கை வைத்துப் பார்த்த ஆய்வாளர்கள், இல்லை, 1792-ஆக இருக்கலாம் என்கிறார்கள்.

எந்த ஆண்டானாலும், வெளியேறியவர்களுக்குப் போய்ச் சேர ஓர் இடம் இருந்தது. 1787 ஏப்ரல் 12-இல் ஜோன்ஸும் ஆலனும் மற்றவர்களும் சேர்ந்து 'சுதந்திர ஆப்பிரிக்கர் சங்கம்' தொடங்கினார்கள். ஆளுக்கு மாதம் ஒரு வெள்ளி ஷில்லிங் சந்தா. ஒரு வருஷம் கழித்து, கஷ்டத்தில் விழுந்த உறுப்பினருக்கு வாரம் மூன்று ஷில்லிங் ஒன்பது பென்ஸ். இறந்தவரின் விதவைக்கு உதவி, பிள்ளைகளின் படிப்புக்கு ஏற்பாடு. நம் ஊர்களில் மரண சகாய நிதி என்று நோட்டுப் போட்டு நடத்துவார்களே, அந்த மாதிரி. இந்தச் சங்கத்தின் உள்ளிருந்துதான் ஆலயம் கட்டும் யோசனை பிறந்தது.

எந்தத் திருச்சபையோடு சேருவது? வாக்கெடுத்தார்கள். ஜோன்ஸ், ஆலன் இருவரும் மெதடிஸ்ட் பக்கம். மற்றவர்களில் பெரும்பாலோர் எபிஸ்கோபல் பக்கம். தங்களை வெளியேற்றுவதாக மிரட்டிய மெதடிஸ்ட் மேலாளர்கள் மேல் அவர்களுக்கு மனம் கசந்திருந்தது. எபிஸ்கோபல் குருமாரில் சிலர் ஆலயம் கட்டுவதற்கு ஆதரவாக நின்றிருந்தார்கள். ஆலன் மனம் மாறவில்லை. தன்னை எளிய மெதடிஸ்ட் பிரசங்கம்தான் இரட்சிப்புக்குள் கொண்டுவந்தது என்று சொல்லி, சபைக்குப் போதகராக வரமாட்டேன் என்றுவிட்டார். ஜோன்ஸ் தன் விருப்பத்தை ஒதுக்கி வைத்துச் சபையோடு போனார். இரண்டு பேரும் கடைசிவரை நண்பர்களாகவே இருந்தார்கள். எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும்.

அமைப்புமுறை வேறுபாடு எவ்வளவு பெரியது என்பது பின்னால் தெரிந்தது. தோமா ஆலயம் 1794 ஜூலை 17-இல் திறக்கப்பட்டது. பன்னிரண்டு நாள் கழித்து, ஜூலை 29-இல், ஆலனின் பெத்தேல் ஆலயம் மெதடிஸ்ட் பேராயர் ஆஸ்பரியின் கையால் அர்ப்பணிக்கப்பட்டது. மெதடிஸ்ட் முறையில் ஊழியரை மேலிடம் நியமிக்கும். சொத்தும் மேலிடத்தின் பிடிக்குள் போகும். ஆலன் தன் ஆலயத்தைத் தன் மக்கள் கையில் வைத்துக்கொள்ள இருபது வருஷத்துக்கு மேல் போராடினார். 1815-இல் அந்தக் கட்டடம் ஏலத்துக்கே வந்து, 10,000 டாலருக்கு மேல் கொடுத்து ஆலனே அதை எடுக்க வேண்டியிருந்தது. 1816-இல் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்ன பிறகுதான் மூச்சு வந்தது. அதே ஆண்டு தனித் திருச்சபையே தொடங்கிவிட்டார். தோமா ஆலயத்தாருக்கு அந்தச் சண்டை வரவில்லை. சேரும்போதே சாவியைத் தங்கள் கையில் வாங்கிவிட்டார்கள். ஆப்பிரிக்கரும் ஆப்பிரிக்க வம்சத்தாரும் மட்டுமே இங்கே பொறுப்புக்கு வரலாம், வாக்களிக்கலாம், குருவானவர் பதவி மட்டும் விதிவிலக்கு என்று சபையின் விதியில் எழுதி வைத்தார்கள். குருவானவருக்குச் சபைத் தேர்தலில் வாக்கு இல்லை என்றும் எழுதினார்கள். யாரோ ஒரு வெள்ளைக் குருவானவர் வந்தாலும் கமிட்டி அவர் பிடிக்குள் போகாது.

ஆலயத்துக்கு அவர்கள் வைத்தது அப்போஸ்தலன் தோமாவின் பெயர், பரங்கிமலைக்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த அதே தோமா. வெளிச் சுவரில் ஏசாயாவின் வசனத்தைப் பதித்தார்கள்: இருளில் நடக்கிற ஜனங்கள் பெரிய வெளிச்சத்தைக் கண்டார்கள்.

கட்டட வேலையை ஒரு கொள்ளைநோய் நடுவில் நிறுத்திப்போட்டது. 1793 ஆகஸ்டில் தொடங்கிய மஞ்சள் காய்ச்சல் சில மாதத்தில் ஏறக்குறைய 5,000 பேரைக் கொண்டுபோனது. நகரத்தின் மொத்த மக்கள்தொகையே 50,000 போலத்தான். வசதி உள்ளவர்கள் ஊரைவிட்டு ஓடினார்கள். கறுப்பின மக்களை இந்த நோய் தொடாது என்று மருத்துவர் பெஞ்சமின் ரஷ் நம்பி, உதவிக்கு வரும்படி அழைத்தார். அவர் நினைத்தது தப்பு. அவர்களும் நூற்றுக்கணக்கில் இறந்தார்கள். ஜோன்ஸும் ஆலனும் ஆள் திரட்டி வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்த்தார்கள், பிணங்களை எடுத்துப் புதைத்தார்கள். நோய் அடங்கியதும் மேத்யூ கேரி என்ற பதிப்பாளர், கறுப்பின மக்களில் சிலர் இதில் பணம் பறித்தார்கள், திருடினார்கள் என்று எழுதினார். ஜோன்ஸும் ஆலனும் 1794 தொடக்கத்தில் அச்சடித்த சிறு நூலில் பதில் சொன்னார்கள். வரவு செலவுக் கணக்கையே அதில் போட்டார்கள்: இவ்வளவு வந்தது, சவப்பெட்டிக்கும் ஆள் கூலிக்கும் இவ்வளவு போனது, முடிவில் எங்கள் கைநஷ்டம் 177 பவுண்டுக்கு மேல். பழிக்குப் பதிலாகக் கணக்கு நோட்டைத் திறந்து காட்டிய அந்த ஜோன்ஸ்தான், ஆறேழு மாதத்தில் புது ஆலயத்தில் நின்றார்.

சரி, அந்த விலைக்கு வருவோம். குருப்பட்டம் பெற கிரேக்கமும் லத்தீனும் தெரிந்திருக்க வேண்டும் என்பது விதி. இரவுப் பள்ளியில் படித்த ஜோன்ஸுக்கு எங்கே தெரியும்? பேராயர் வில்லியம் வைட் தலைமையில் இருந்த பென்சில்வேனியா திருமண்டலம் அந்த விதியைத் தளர்த்தியது. அதற்குப் பதிலாக ஒரு நிபந்தனை போட்டது: தோமா ஆலயம் தன் குருவானவரையோ பிரதிநிதிகளையோ திருமண்டலக் கன்வென்ஷனுக்கு அனுப்பக்கூடாது. கன்வென்ஷன் என்றால் நம் ஊரில் பந்தல் போட்டு நடக்கும் எழுப்புதல் கூட்டம் நினைவுக்கு வரும். அங்கே அது திருமண்டலப் பெருமன்றம். சட்டம் இயற்றுவதும் பேராயரைத் தேர்ந்தெடுப்பதும் அங்கேதான்.

மொழித் தளர்வைப் பார்த்தால் தயவு போலத் தோன்றும். ஆனால் அதற்கும் பெருமன்றத்துக்கும் என்ன சம்பந்தம்? பெருமன்றத்துக்கு வரும் சபைப் பிரதிநிதிகள் வியாபாரிகள், கைத்தொழில்காரர்கள். அவர்களிடம் யாரும் கிரேக்கம் கேட்கவில்லை. ஜோன்ஸுக்குத் தெரியாத ஒரு மொழியைக் காட்டி, ஒரு சபை முழுவதற்கும் கதவை அடைத்தார்கள். வைட் நல்ல மனிதர்தான். கொள்ளைநோயிலும் ஊரைவிட்டுப் போகாமல் இருந்தவர், ஜோன்ஸுக்குக் கைவைத்துப் பட்டம் கொடுத்தவர். அந்த நல்ல மனிதரின் திருமண்டலத்தில்தான் இது நடந்தது.

ஜோன்ஸ் 1795-இல் உதவிகுருவானார். முழுக் குருப்பட்டம் அடுத்த நூற்றாண்டு பிறந்த பிறகுதான் கிடைத்தது. எபிஸ்கோபல் திருச்சபையின் முதல் கறுப்பினக் குருவானவர் அவர். பெருமன்றத்தில் பேச வழியில்லாதவர் நாட்டின் காங்கிரஸுக்கே எழுதினார். பிலடெல்பியா அப்போது தலைநகரம். காங்கிரஸ் கூடிய கட்டடம் ஆலயத்திலிருந்து சில தெருக்கள் தள்ளித்தான். அடிமை வியாபாரத்தையும், தப்பி ஓடிய அடிமையைப் பிடித்துக்கொடுக்கும் 1793 சட்டத்தையும் எதிர்த்து, ஜோன்ஸும் எழுபதுக்கு மேற்பட்டோரும் ஒப்பமிட்ட மனு 1800 ஜனவரியில் அங்கே வந்தது. இப்படிப்பட்ட மனுக்களுக்கு ஊக்கம் கொடுக்கக்கூடாது என்று 85 பேர் வாக்களித்தார்கள். எதிராக நின்றவர் மாசசூசெட்ஸைச் சேர்ந்த ஜார்ஜ் தாட்சர் ஒருவர் மட்டும்.

எட்டு வருஷம் கழித்து, அட்லாண்டிக் கடல் வழியாக அடிமைகளைக் கொண்டுவருவதைத் தடை செய்த சட்டம் 1808 ஜனவரி 1-இல் அமலுக்கு வந்தது. அன்றைக்கு ஜோன்ஸ் தன் ஆலயத்தில் ஸ்தோத்திரப் பிரசங்கம் செய்தார். எடுத்த வசனம் யாத்திராகமம் மூன்றாம் அதிகாரம்: "என் ஜனத்தின் உபத்திரவத்தை நான் பார்க்கவே பார்த்து, ஆளோட்டிகளினிமித்தம் அவர்கள் இடுகிற கூக்குரலைக் கேட்டேன்." ஆளோட்டி என்ற சொல்லை நாம் ஞாயிறு பள்ளியிலிருந்தே கேட்டுக் கடந்துபோகிறோம். அந்த ஆலயத்தில் இருந்தவர்களில் பலர் ஆளோட்டியின் கையில் வளர்ந்தவர்கள். தாயும் உடன்பிறந்தாரும் விலைபோனதைப் பார்த்த ஒருவர், கர்த்தர் பார்த்தார், கேட்டார், இறங்கி வந்தார் என்று அவர்களுக்குச் சொன்னார்.

சபை ஒரு பள்ளிக்கூடமும் நடத்தியது. பாய்மரத் தொழிலில் பெரும் செல்வம் சேர்த்து, அடிமை ஒழிப்புக்குக் கைகொடுத்த ஜேம்ஸ் ஃபோர்டன் இந்தச் சபையின் மூப்பர்களில் ஒருவர். 1818 பிப்ரவரி 13-இல் ஜோன்ஸ் இறந்தார்.

அதற்குப் பிறகு பல வருஷம் நிலையான குருவானவர் அமையவில்லை. 1834-இல் வந்த வில்லியம் டக்ளஸ் அடுத்த 28 வருஷம் சபையைக் கவனித்தார். சங்கத்தின் பழைய கூட்டக் குறிப்புகளையும் சபைத் தீர்மானங்களையும் தேடி எடுத்து, 1862-இல் சபை வரலாறாக அச்சிட்டார். மாதம் ஒரு ஷில்லிங் என்பதிலிருந்து இத்தனை நுணுக்கமாக இந்தச் சபையைப் பற்றி இன்று பேச முடிகிறது என்றால், அதில் பெரும்பங்கு டக்ளஸின் பொறுமைக்குச் சேர வேண்டும். தங்கள் சேகரத்தின் பழைய மினிட்ஸ் நோட்டு எந்த அலமாரியில் இருக்கிறது என்று தெரியாத சபையார் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

டக்ளஸ் ஒரு நாளும் பெருமன்றத்தில் உட்கார்ந்ததில்லை. காரணம் மொழி அல்ல என்பது 1840-களின் தொடக்கத்தில் வெளிப்படையாகவே தெரிந்தது. அலெக்சாண்டர் க்ரம்மெல் என்ற இளம் கறுப்பின ஊழியர் பிலடெல்பியாவில் ஊழியம் செய்ய வந்தபோது, வைட்டுக்குப் பின் பேராயரான ஆண்டர்டாங்க், கறுப்பினக் குரு யாரும் பெருமன்றத்தில் உட்காரக்கூடாது, கறுப்பினச் சபை இடம் கேட்கவும் கூடாது, சம்மதமானால் ஏற்கிறேன் என்றார். க்ரம்மெல் படித்தவர். அந்த நிபந்தனைக்கு உட்பட்டு உங்கள் திருமண்டலத்துக்குள் நுழைய மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனார். பிற்பாடு இங்கிலாந்து போய்க் கேம்பிரிட்ஜில் பட்டம் வாங்கினார்.

உள்நாட்டுப் போர் நடந்த 1860-களில்தான் அந்தக் கதவு திறந்தது. தோமா ஆலயத்துக்குப் பெருமன்றத்தில் இடம் கிடைத்தது. அப்போது குருவானவராக இருந்தவர் வில்லியம் ஆல்ஸ்டன். 1864 ஜூலையில் அவர் ஒரு நாளிதழுக்குக் கடிதம் எழுதினார். அவருடைய ஒரே பிள்ளை சாகக்கிடந்தது. ஆற்றுக் காற்று நல்லது, டெலவேர் ஆற்றைப் படகில் கடந்து போய் வாருங்கள் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். ஒரு நாள் திரும்பி வந்து இறங்கியபோது பிள்ளை துவண்டுவிட்டது. உயிர் இருக்கிறதா என்று அதன் வாயில் திரும்பத் திரும்பக் காதை வைத்துப் பார்த்தார். வீட்டுக்குப் போகக் குதிரை டிராமை நிறுத்தினார். நடத்துநர் அவர் நிறத்தைப் பார்த்துவிட்டு ஏறக்கூடாது என்றார். குருவானவர் பிள்ளையைக் காட்டி எவ்வளவோ சொல்லிப் பார்த்தும் வண்டி போய்விட்டது. காயம்பட்டுக் கிடந்த தங்கள் படைவீரர்களைப் பார்க்கப் போன கறுப்பினப் பெண்களுக்கும் அந்த நாளில் டிராம்களில் இதே கதிதான். பென்சில்வேனியாவில் எல்லோரும் டிராமில் ஏறலாம் என்ற சட்டம் 1867 மார்ச்சில் வந்தது.

நகரத்தின் கறுப்பின மக்கள் குடியிருப்பு மேற்கே நகர நகர, ஆலயமும் இடம் மாறிக்கொண்டே வந்தது. முதல் கட்டடம் இன்று இல்லை. இப்போது மேற்குப் பிலடெல்பியாவின் ஓவர்புரூக் பகுதியில் இருக்கிறது. ஜோன்ஸின் உடலும் அப்படியே அலைந்தது. முதலில் ஆலய வளாகம், பிறகு ஒரு கல்லறைத் தோட்டம், அப்புறம் இன்னொன்று. 1991-இல் அவருடைய எச்சங்களைச் சபையார் தங்கள் ஆலயத்துக்கே கொண்டுவந்தார்கள். பிப்ரவரி 13 எபிஸ்கோபல் திருச்சபையின் நாட்காட்டியில் அப்சலோம் ஜோன்ஸ் நாள். அன்று அவர் பெயரைச் சொல்லி ஜெபிக்கும் ஆலயங்களில், அவருக்குப் பெருமன்றத்தில் இடம் மறுத்த பென்சில்வேனியா திருமண்டலத்தின் ஆலயங்களும் உண்டு.